ஐடி கார்டுல பேரு, ஸ்க்ரீன்ல வெறும் நம்பரு

2009 கடைசில அமெரிக்கால மாஸ்டர்ஸ் பண்ணிட்டு இருந்தப்போ கேம்பஸ்லயே ஒரு வேலை கிடைச்சுது, ஸ்டூடன்ட் யூனியன் கேம் ரூம் கவுன்ட்டர்ல உக்காந்து ஐடி கார்டை வாங்கி டிராயர்ல போட்டுட்டு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை எடுத்துக் கொடுக்கணும், திரும்பி வந்தா துடைச்சு சார்ஜ்ல போடணும், அவ்ளோதான். மணிக்கு 7.25 டாலர். எஃப்-1ங்கற ஸ்டூடன்ட் விசாங்கறதால செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல கூடாது.

அந்த சீசன்ல எல்லாரும் கேட்டது என்சிஏஏ பேஸ்கட்பால் 10, அமெரிக்க காலேஜ் டீம்களை வச்சு இஏ கம்பெனி பண்ணின வீடியோ கேம். கிரிக்கெட்ட விட்டா ஒண்ணும் தெரியாத நான் அதை வேடிக்கை பார்த்தே ரூலெல்லாம் கத்துக்கிட்டேன், என்பிஏங்கற புரொஃபஷனல் லீக் மாதிரி நாலு குவார்ட்டர் இல்ல, 20 நிமிஷம் ரெண்டு ஹாஃப், ஷாட் அடிக்க அங்க 24 செகண்ட்னா காலேஜ்ல அப்போ 35, அதனால பந்தை சுத்தி சுத்தி பாஸ் பண்ணி உயிரை எடுப்பானுங்க (எனக்கு அதுதான் பிடிச்சுது). கேம் அட்டைல பிளேக் கிரிஃபின்ங்கற பிளேயர் படம், ஆனா கேம் வந்தப்போ அவர் காலேஜை விட்டு என்பிஏக்கு போயாச்சு. படிக்கிற பையன் தன் படத்துக்கு காசு வாங்கினா காலேஜ் டீம்ல ஆட முடியாதுன்னு அப்போ ரூல். உள்ள ஆடுறவங்களுக்கும் பேர் கிடையாது, பொசிஷனும் நம்பரும் மட்டும்.

ஒருநாள் எங்க காலேஜ் பேஸ்கட்பால் டீம் பையனே வந்தான். ஐடி கார்டை வாங்கிப் பார்த்தேன், முழுப் பேரும் இருக்கு. டிவில அவனையே எடுத்து ஆடுறான், அதே நம்பர், அதே உயரம், அதே இடது கை, பேர் மட்டும் இல்ல. "உனக்கு எவ்ளோ தருவாங்க?"ன்னு கேட்டுட்டேன், சிரிச்சான். ஸ்காலர்ஷிப் இருக்கு, கேமுக்குன்னு தனியா ஒரு பைசா இல்லையாம். பிராக்டிஸுக்கு அவங்களுக்கும் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் லிமிட்டாம், "பேப்பர்ல"ன்னு சேர்த்து சொன்னான். அவன் ஆடுற கேமுக்கு கன்ட்ரோலர் எடுத்துக் கொடுக்கிற எனக்கு 7.25, அவனுக்கு சைபர். அன்னிக்கு ஷிப்ட் முழுக்க இதுவே மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

யூசிஎல்ஏ யூனிவர்சிட்டி டீம்ல ஆடி 1995ல காலேஜ் பேஸ்கட்பால் சாம்பியன் ஆன எட் ஓபேனன் இதே மாதிரி ஒரு கேம்ல தன்னையே பார்த்துட்டு 2009லயே கேஸ் போட்டிருந்தார்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2014ல இஏவும் காலேஜ்களுக்கு லைசென்ஸ் பார்க்கிற கம்பெனியும் சேர்ந்து 40 மில்லியன் டாலர் கொடுத்து செட்டில் பண்ணாங்க. பேஸ்கட்பால் வரிசை 10ஓடயே நின்னு போச்சு. 2024ல இஏவோட காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் கேம் திரும்ப வந்தப்போ அதுல வர்ற பிளேயர்ஸுக்கு ஆளுக்கு 600 டாலர், கூட கேமோட ஒரு காப்பி.

அந்தப் பையன் அன்னிக்கு தோத்துட்டான். கன்ட்ரோலரை கொடுத்து கார்டை வாங்கும்போது பணத்தைப் பத்தி பேச்சே எடுக்கல, "எனக்கு ஃப்ரீ த்ரோ ரேட்டிங் ரொம்ப கம்மியா போட்டிருக்கானுங்க"ன்னு புலம்பிட்டே போனான்.