அரை ஏக்கர் விதியும் பால் டேவிடாஃபும்

அமெரிக்கரான பால் டேவிடாஃப் சட்டமும் நகரத் திட்டமிடலும் படித்தவர். திட்டமிடுபவர் நடுநிலை என்று ஒதுங்காமல், குரலற்றவர்களுக்காக வாதாட வேண்டும் என்று 1965-இல் எழுதினார். 1969-இல் சபர்பன் ஆக்‌ஷன் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பைத் தொடங்கி, அமெரிக்கப் புறநகர்களின் மண்டல விதிகளை, அதாவது எந்த நிலத்தில் எதை, எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்ற ஊர் விதிகளை, நீதிமன்றத்துக்கு இழுத்தார்.

ஏன் மண்டல விதி? அதில் இனத்தின் பெயரே இருக்காது; ஆனாலும் ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் ஊருக்கு வெளியே நிறுத்திவிடும். நியூஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊரின் அன்றைய விதிகளைப் பாருங்கள். ஒரு மண்டலத்தில் மனை ஏறக்குறைய அரை ஏக்கராவது இருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கும் குறைந்தபட்சப் பரப்பு இருந்தது, 1,100 சதுர அடி. ஊர் நிலத்தில் 29.2 சதவீதத்தைத் தொழிற்சாலைக்கென்று ஒதுக்கி, பெரும்பகுதியைச் சும்மா போட்டிருந்தார்கள். அனுமதித்த அடுக்குமாடிகளிலோ, வீட்டுக்குச் சராசரி 0.3 பள்ளிப் பிள்ளைகளைத் தாண்டினால் பள்ளிச் செலவு கட்டுநர் தலையில். எனக்கு எல்லாவற்றிலும் கொடுமையாகப் படுவது இதுதான்: பிள்ளைகுட்டிக்காரருக்கு வீடு கட்டவே எவரும் துணியமாட்டார்.

மவுண்ட் லாரலுக்கு எதிராகக் கேம்டன் சட்ட உதவி வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில், வளரும் ஊர்கள் வட்டாரத்தின் மலிவு வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை வீடு என்று சொல்லாததால் ஊர்கள் இழுத்தடித்தன. அதே நீதிமன்றத்தின் 1983 தீர்ப்புதான் அதற்கு வழி செய்தது: கடமை தவறிய ஊரில், கணிசமான மலிவு வீடுகளோடு கட்ட முன்வந்து வழக்கில் வெல்லும் கட்டுநருக்கு நீதிமன்றமே அனுமதி பெற்றுத் தரலாம்.