வைத்தீஸ்வரன்கோயிலில் கேட்டதும் கிடைத்ததும்

பிரார்த்தனைக்குப் பலன் உண்டா, இல்லை அது மனதைத் தேற்றிக்கொள்ளும் வழி மட்டும்தானா? இந்தக் கேள்வியோடு ஒரு கோயிலுக்குப் போவதென்றால் வைத்தீஸ்வரன்கோயிலுக்குத்தான் போக வேண்டும். மற்ற ஊர்களில் வேலை, கல்யாணம், வீடு என்று வேண்டிக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் சமாதானம் சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும். இங்கே சுவாமியே வைத்தியர். உடம்பு விஷயத்தில் மழுப்ப முடியாது. கட்டி கரைந்திருக்கும், அல்லது கரைந்திருக்காது.

சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிற ஊர். செவ்வாய்க்குரிய தலம் என்பதால் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். நானும் அத்தையும் போனது அப்படியொரு செவ்வாய். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் நாடி ஜோதிடப் பலகைகள். "கட்டைவிரல் ரேகை போதும் சார்" என்று ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நடக்கப்போறதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்றது, நீ வாடா" என்று நடையைக் கூட்டினாள்.

உள்ளே சித்தாமிர்தத் தீர்த்தம். குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் அதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. உப்பும் மிளகும் செலுத்துகிறவர்கள் உண்டு. வைத்தியநாதர் மேற்குப் பார்த்து இருக்கிறார். தைலப் பாத்திரத்தோடு அவருக்குத் துணையாக வந்தவள் தையல்நாயகி. பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை தருவார்கள். தீர்த்தத்து மண்ணும் ஜடாயு குண்டத்துத் திருநீறும் சேர்த்துப் பிடித்தது, தீராத நோய்க்கெல்லாம் மருந்து என்பார்கள்.

இந்த உருண்டையைப் பார்த்ததும் படித்தவர்களுக்கு ஒரு விளக்கம் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. 2010ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. குடல் கோளாறு உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு, "இதில் மருந்து எதுவும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில், மாத்திரை வாங்காதவர்களைவிட அவர்களுக்கு நன்றாகவே குணம் தெரிந்தது. சரி, உருண்டைக்கும் அதே கதைதான் என்று முடித்துவிடலாம். ஆனால் அதெல்லாம் வலி, குமட்டல், வயிற்று உபாதை என்று நாமே உணர்ந்து சொல்கிறவற்றோடு சரி. அடைத்த ரத்தக்குழாயை வெற்று மாத்திரை திறந்ததாக யாரும் காட்டவில்லை.

அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மாமா டயாலிசிஸில் இருந்த காலத்தில் அவள் இங்கேதான் வேண்டிக்கொண்டாள். வெல்லம் கரைத்தாள், உருண்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், மருத்துவமனையையும் ஒரு வேளை தவறவிடவில்லை. மாமா போய்விட்டார். அத்தை இன்னும் வருகிறாள்.

அம்மன் சந்நிதியில் அவளைப் பக்கத்தில் நின்று கவனித்தேன். மன ஆறுதல் பெறுகிற முகமா அது? புருவம் சுருங்கி, உதடு வேகவேகமாக அசைந்தது. வாய்த்தகராறில் இருப்பவள் போல நின்றாள். பிரகாரத்தில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"மாமாவுக்குக் கேட்டது நடக்கலையே அத்தை, அப்புறமும் ஏன் வர்றீங்க?"

"நடக்கலைதான். ஏன் நடக்கலைன்னு கேக்க வேணாமா?"

சொல்லிவிட்டுத் தேங்காய் மூடியைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அத்தை தேவாரம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் பேசியது சுந்தரர் பேசியதுதான். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் அவருக்குப் பார்வை போனது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. இன்னொன்றைத் திருவாரூரில் போய்க் கேட்கிறார். எப்படிக் கேட்கிறார்? "மற்றைக் கண்தான் தாராதொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்கிறார். தராவிட்டால் போம், நீராவது நன்றாக இரும் என்று சாபம் மாதிரி ஒரு வாழ்த்து. சூலை நோயோடு திருவதிகையில் விழுந்த அப்பரும், இப்படித் துன்பப்பட நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே என்றுதான் பாட்டைத் தொடங்குகிறார். இருவருக்கும் கேட்டது கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அதை வரலாறாக எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் அவரவர் பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குரல். மனதைச் சாந்தப்படுத்திக்கொள்ள நினைப்பவன் இப்படியா பேசுவான்?

சித்திரையில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து நகரத்தார் நடந்தே இங்கு வருகிறார்கள். தையல்நாயகி அவர்களுக்கு வீட்டுப் பெண் மாதிரி. பெண்ணைப் பார்க்கப் போகிறவர்களிடம் "பலன் உண்டா?" என்று கேட்டால் முறைப்பார்கள்.

நான் அன்று போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் நண்பனுக்கு அந்த வாரம் பைபாஸ் ஆபரேஷன். அவன் கோயில் பக்கமே போகாதவன். அவன் மனைவிதான் போன் செய்து, "அண்ணா, அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க, அவர்கிட்ட சொல்லாதீங்க" என்று பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் சொல்லியிருந்தார்.

சொல்லாதீர்கள் என்றது அவர் அறியாமலே நல்ல யோசனை. 2006ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதையேதான் சோதித்தது. ஆறு மருத்துவமனைகள், 1802 பைபாஸ் நோயாளிகள், மூன்று பிரிவு. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவினரில், பிரார்த்தனை நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. வித்தியாசமே இல்லை. நிச்சயமாக நடக்கிறது என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவில் 59 சதவீதம். பிரார்த்தனை செய்கிற அளவுக்கா நம் நிலைமை என்று பயந்திருப்பார்களோ என்னவோ.

இந்த ஆய்வை நாத்திக நண்பர்கள் ஆவலோடு எடுத்துக்காட்டுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரு பட்டியலை வைத்துச் செய்யும் வேண்டுதலால் ரத்தக்குழாய் சரியாகாது என்பது அதில் தெளிவு. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். கூடவே, பிரார்த்தனை என்றாலே ஆறுதல் என்று தோளைக் குலுக்குகிறவர்களுக்கும் அது இடம் கொடுக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு ஆறுதல் எங்கே வந்தது?

வெற்று மாத்திரையை வெற்று என்று தெரிந்தே விழுங்கலாம். ஆறுதலுக்காகத்தான் என்று முடிவு செய்துகொண்டு என்னால் சந்நிதியில் நிற்க முடிவதில்லை. எதிரில் யாரோ கேட்கிறார் என்றால்தான் வாய் திறக்கிறது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று மற்றவர்களுக்கு நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அர்ச்சகர் நண்பனின் பெயரைச் சொன்னபோது நான் ஆறுதலைக் கேட்கவில்லை, அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். ஆபரேஷனும் நடக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்று. மந்திரமும் தந்திரமும் மருந்தும் ஆனவன் என்று இந்த ஊர்ப் பதிகத்திலேயே அப்பர் மூன்றையும் ஒன்றாகத்தான் பாடுகிறார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் நண்பனைப் பார்க்கப் போனேன். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் எட்டிப் பார்த்ததைக் கவனிக்கவில்லை. அவன் கவனித்துவிட்டான்.

"என் பேருக்கா?"

மறைக்க முடியவில்லை. தலையாட்டினேன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"நட்சத்திரம் என்ன சொன்ன?"

"பூசம்."

"ராசி?"

"கடகம்டா."

"ம், சரி" என்று அவன் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.