காபிச் சக்கையும் மாடித் தொட்டியும்

கீழ்வீட்டு மாமியின் கறிவேப்பிலைத் தொட்டியில் இன்று காலை ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நின்றது. விரலால் கீறிப் பார்த்தால், பில்டரிலிருந்து நாள்தோறும் தட்டிய காபிச் சக்கை காய்ந்து, ஓடு போல இறுகியிருந்தது.

சக்கையில் ஏறத்தாழ 2 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு என்றாலும், நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே அது வேருக்குக் கிடைக்கும். அதுவரை மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அவை இழுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், காய்ந்த இலைகளோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கலந்து மக்கவைத்துப் போடுவதே நல்லது.

அமிலம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அதில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. (பாலும் சர்க்கரையும் கலந்த மிச்சக் காபியை ஊற்றினால் எறும்புதான் வரும்.)

நாற்றுத் தொட்டியில் மட்டும் பச்சைச் சக்கையைப் போட வேண்டாம் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். அதில் எஞ்சியிருக்கும் கஃபீன் இளஞ்செடியின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும்.