சான் ஆண்ட்ரியாஸ் இப்போதும் விளையாடலாமா?

ஜிடிஏ என்ற வீடியோ கேம் வரிசையில் ஜிடிஏ 5 முடித்த தம்பிகள் சிலர், "பழைய பாகங்களையும் விளையாடலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். அவற்றில் சான் ஆண்ட்ரியாஸை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

2004-ல் வந்தது. முகமெல்லாம் கட்டை கட்டையாகத்தான் இருக்கும். ஒரு மிஷனில், அதாவது கேம் கொடுக்கும் வேலையில், கடைசி நொடியில் தோற்றாலும் முதலிலிருந்து வண்டி ஓட்டிப் போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கதாநாயகன் சிஜே நம் கண்ணெதிரே மாறுவான். பர்கர், பீட்சா என்று தின்றுகொண்டே இருந்தால் தொப்பை விழும். ஜிம்மில் எடை தூக்கினால் தோள் அகலும். நீருக்கடியில் நீந்த நீந்த மூச்சடக்கும் நேரம் கூடும். ஜிடிஏ 5-ல் யாருக்கும் இப்படித் தொப்பை போடாது!

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய கேம் கருவியான பிஎஸ்2-வின் (பிளேஸ்டேஷன் 2) குறைந்த நினைவகத்துக்குள் மூன்று நகரங்களை அடக்க, தூரத்தை மூடுபனியால் மறைத்திருந்தார்கள். அந்த மங்கலில்தான் ஊர் பிரம்மாண்டமாகத் தெரிந்தது. 2021-ல் வந்த மறுபதிப்பில் முதலில் அந்தப் பனியை எடுத்துவிட்டார்கள். கேமில் வரும் சிலியாட் மலை உச்சியில் நின்றால் மொத்த வரைபடமும் ஒரு கைக்குள் அடங்கியதுபோல ஆகிவிட்டது. 2024-ல்தான் அந்தப் பனியோடு சேர்ந்த பழைய ஒளியமைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். அதை மறக்காமல் ஆன் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பழைய பாகமான வைஸ் சிட்டி? அதன் ரேடியோவுக்காகவே விளையாடலாம். அதன் நாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது, கடலோரம் ஜாக்கிரதை. 2001-ல் வந்த மூன்றாம் பாகம் வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும்.

சரி, சான் ஆண்ட்ரியாஸைத் தொடங்கியதும் மிஷனுக்கு ஓடாதீர்கள். கதை தொடங்கும் லாஸ் சாண்டோஸ் நகரில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சும்மா சுற்றுங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.