கலஹா பக்கம் ஒரு வீடு

கண்டி டவுனுக்குள் வீடு வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கலஹா பக்கத்துக் கிராமம் ஒன்றில், 10 பேர்ச்சஸ் காணியோடு சின்ன வீடு ஒன்றைப் பேசியிருக்கிறோம். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஒரு பலா மரம். அம்மாவுக்கு அந்த மரம் ஒன்றே போதும்!

இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் காணி உறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். சின்னக்கர உறுதி, அதாவது முழு உரிமையுள்ள உறுதி என்றால் சரி. அரசாங்கம் கொடுத்த காணிக்கான ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்புப் பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. 'அதெல்லாம் பிறகு பார்க்கலாம்' என்று தரகர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்திலும் தேடிப் பாருங்கள்.

அப்புறம் மண்சரிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வலயத்துக்குள் இடம் வருகிறதா என்று விசாரியுங்கள். சுவரில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று கலங்கி ஊறும் தண்ணீர், இதையெல்லாம் மழை நாளில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது.

அப்பா தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பராவில் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் ஒரு துண்டுக் காணி இருந்ததில்லை. உறுதியை அப்பா பெயரில்தான் எழுதப் போகிறோம்.

அடுத்த கிழமை சர்வேயர் வருகிறார். கண்டியிலிருந்து கலஹாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.