எங்கள் வீட்டு ஜன்னலுக்கு மட்டும் குளிர்காலம்

தம்பி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இதை இங்கே எழுதினால் அவன் பெண்டாட்டி படித்துவிட்டு அவனிடம் சொல்வாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியில் பின்லாந்து ஹெல்சிங்கியிலிருந்து சிங்கப்பூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்தான் இல்லையா? வந்தவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டாய் மிருகக்காட்சிசாலைக்குப் போனோமா, லிட்டில் இந்தியா தேக்காவில் நாலு தோசை சாப்பிட்டோமா என்று இருந்திருக்கலாம். எங்கள் ஹால் ஜன்னல் அவன் கண்ணில் பட்டுவிட்டது. மேற்குப் பார்த்த ஜன்னல். மழையில்லாத நாளில் மூன்று மணிக்கு மேல் அங்கே அப்பளத்தைப் பரப்பினால் எண்ணெய்ச் செலவே கிடையாது. அதற்காகத்தான் துணி மேல் துணி போட்டுத் திரை கட்டி வைத்திருந்தோம். "என்னக்கா, இன்னும் கயிறு இழுத்துக்கிட்டு இருக்கே?" என்றான். என்னமோ நான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி.

அப்புறம் பாடம் ஆரம்பமானது. ஹெல்சிங்கியில் டிசம்பர் 21-ஆம் தேதி வாக்கில் சூரியன் காலை 9.24-க்கு எழுந்து மாலை 3.13-க்குப் படுத்துவிடுமாம். மொத்தப் பகலே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் உச்சிவேளையில்கூட அடிவானத்திலிருந்து ஆறு ஏழு டிகிரிக்கு மேல் ஏறாதாம். வீட்டுக்குள் சூடு நன்றாக இருந்தாலும் ஜன்னல் கண்ணாடி சில்லென்று இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரத்தான் செய்யும், உடம்புச் சூட்டைக் கண்ணாடி வாங்கிக்கொள்ளும். அதற்குத் தேன்கூடு போல மடிப்பு வைத்த பிளைண்ட்ஸ் என்கிற ஜன்னல் மறைப்பு இருக்கிறது. மடிப்புக்குள் நிற்கும் காற்று குளிரைத் தடுத்து நிறுத்தும். கீழே இருக்கும் ஹீட்டரை அது மூடிவிடக் கூடாது, மூடினால் சூடு கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவிலேயே நின்றுவிடும். வெளிச்சம் இருக்கிற கொஞ்ச நேரமும் முழுசாகத் திறந்திருக்க வேண்டும், பொழுது சாய்ந்த உடனே மூட வேண்டும். ஆபீசில் இருப்பவன் மூன்று மணிக்கு ஓடிவந்து கயிறு இழுக்க முடியுமா? அதனால்தான் தானாக ஏற்றி இறக்க மோட்டார்.

"சரிப்பா, அதெல்லாம் உங்க ஊருக்கு. இங்கே எதுக்கு?" என்று கேட்டார் இவர். கேட்டதோடு நிற்பாரா? சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, அதுவும் 1934-இல், என்று ஆரம்பித்துவிட்டார். புள்ளிவிவரம் தெரிந்த இரண்டு ஆண்கள் ஒரு ஹாலில் உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கடைசியில் என்ன ஆனது? இரண்டு பேரும் சேர்ந்து பிளைண்ட்ஸ் வாங்க ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

வந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்க ஹாலில் டிரில்லர் சத்தம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சின்ன சோலார் பட்டை ஒன்றும் கூடவே. ஹெல்சிங்கியில் தம்பி வீட்டு மோட்டாருக்கு டிசம்பரில் அந்தப் பட்டை பத்தாது, கேபிள் போட்டுத்தான் சார்ஜ் ஏற்றுகிறான். இங்கே மோட்டாருக்கு மூன்று வேளையும் விருந்துச் சாப்பாடு. எல்லாம் முடித்து, தன்னுடைய பழைய டேப்லெட் ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, எங்கே அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினான்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் விடியவில்லை.

காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் கும்மிருட்டு. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் கோப்பி. மழைக்காலம்தானே, வெளியே மூட்டமாக இருக்கும் என்று நினைத்து அம்மா ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். (எங்கள் பேட்டை உட்லண்ட்ஸில் 24 டிகிரி அடித்தாலே அம்மாவுக்கு இமயமலைதான்.) ரிமோட்டைத் தேடினால் சோபா இடுக்கில் கிடக்கும், கை விட்டால் அதைத் தவிர மற்ற எல்லாம் வரும். சரி, இருட்டோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், மத்தியானம் அம்மா சாப்பிட்டு சோபாவில் சாய்ந்து, கண் செருகி, லேசாகக் குறட்டை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து "வ்ர்ர்ர்" என்று பிளைண்ட்ஸ் தானாக மேலே போகும். மேற்கு வெயில் நேராக அம்மா முகத்தில். அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் மூடும். அதுவரை எங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் எதிர் அடுக்குமாடி புளோக்குக்கு இலவச ஒளிபரப்பு. எதிர் புளோக் அங்கிள் ஒருநாள் லிஃப்டில் என்னைப் பார்த்து, "நேத்து மீன் குழம்பா?" என்றார். மீன் குழம்புதான்.

அம்மா இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. "எதுவோ ஏறி உட்கார்ந்திருக்கு" என்று சொல்லி, மோட்டார் பெட்டிக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அன்றைக்கும் பிளைண்ட்ஸ் ஏறியது. பழம் உருண்டு வந்து இவர் லேப்டாப் மேல் விழுந்தது.

கண்டுபிடித்தது மகன். பரீட்சையில் காட்டாத அறிவெல்லாம் இந்த மாதிரி விஷயத்தில்தான் அவனுக்கு வரும். "அம்மா, இது தினமும் ஒரே நேரத்துக்குத் திறக்கல. தினம் ரெண்டு நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகுது" என்றான். ஆரம்பத்தில் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தது டிசம்பர் நடுவில் 3.20 ஆகிவிட்டதாம். நம் ஊர்ச் சூரியன் அப்படியெல்லாம் செய்யாது. வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே எழும், ரொம்பப் போனால் அரை மணி நேரம் முன்னே பின்னே. அப்படியென்றால் இது எந்த ஊர்ச் சூரியன்? போனை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

தம்பி எங்கள் வீட்டுப் பிளைண்ட்ஸைத் ஆப்பில் தன் வீட்டுக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறான். அங்கே ஹால், படுக்கையறை, பிள்ளைகள் அறை, அப்புறம் "அம்மா". சூரியன் எழுந்தால் திற, விழுந்தால் மூடு என்று அவன் தன் குளிர்காலத்துக்காக எழுதி வைத்த கட்டளை எங்களுக்கும் சேர்ந்தே ஓடியிருக்கிறது. ஆறு மணி நேர வித்தியாசம். அவனுக்கு 9.20 என்றால் எனக்கு 3.20. அதாவது வெயில் சுள்ளென்று இறங்குகிற நேரமாகப் பார்த்து, "ஐயோ பாவம், வெளிச்சமே காணாதவங்க" என்று இரக்கப்பட்டு எங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறது அது.

போன் போட்டேன். "ஓ, லொகேஷன் மாத்தலையா நானு?" என்றான். அவ்வளவுதான். இத்தனை நாள் எங்களை வடதுருவத்தில் வைத்திருந்ததற்கு அந்த ஒரு "ஓ".

இதற்குள் இன்னொன்றும் வெளியே வந்தது. டேப்லெட்டில் அம்மா தினமும் காலையில் "எல்லாம் திற" என்பதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஜன்னலும் திறந்துவிடும், வெயில் வருவதற்குள் அதை மட்டும் மறுபடி மூடியும் விடுவார், அதனால் ரிமோட் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லாமல் போனது. ஆனால் இங்கே காலை ஒன்பது மணி என்றால் ஹெல்சிங்கியில் நடுராத்திரி மூன்று மணி. தம்பி பெண்டாட்டி பாவம், ரொம்ப மரியாதையான பெண், மாமியாரிடம் சொல்லாமல் எனக்கு அனுப்பியிருந்தாள்: "அண்ணி, எங்க பெட்ரூம் ஜன்னல் ராத்திரி மூணு மணிக்குத் திறக்குது. தெரு விளக்கு நேரா கண்ல அடிக்குது. இங்கே ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கு." எலுமிச்சம்பழம் அங்கே விலை அதிகமாம்.

சரி, கணக்கைப் பிரித்துவிடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அதை மட்டும் எடுக்காதே. பிள்ளைங்க ரூமை நான் திறக்கிறேன்." திறந்து என்ன பார்க்கப் போகிறார், கேமராவா இருக்கிறது? ஒன்றும் தெரியாது. பேரன் இருட்டோடு எழுந்து, சட்டையில் மினுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு, இருட்டோடு பள்ளிக்கூடம் போய்விடுவான். காலியான அறைக்கு உட்லண்ட்ஸிலிருந்து வெளிச்சம் விடுவதில் அம்மாவுக்கு என்ன சந்தோஷமோ. எங்கள் ஜன்னலை மட்டும் பிரித்துச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டு, அந்த ஒரு அறையை அம்மாவுக்கு விட்டுவிட்டான். போன வாரம் பொங்கலுக்காக அடுப்படி ஜன்னலும் அவர் கைக்கு வந்தது.

பொங்கலன்று இங்கே ஏழு மணிக்குப் பானை பொங்கியது. அம்மா காரிடாரில் நின்று கிழக்கே கும்பிட்டுவிட்டு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி குளித்து, புடவை மாற்றிக்கொண்டு டேப்லெட் முன்னால் வந்து உட்கார்ந்தார். அங்கே வீடியோ காலில் தம்பி லீவு போட்டுவிட்டு மின்சார அடுப்பில் குக்கர் பாத்திரத்துக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டு நிற்கிறான். "சூரியன் வரட்டும், நான் திறக்கிறேன்" என்று அம்மா விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்து, அந்த ஊர் நேரம் 9.13-க்கு அழுத்தினார். அடுப்படி பிளைண்ட்ஸ் மெதுவாக மேலே போனது. வெளியே சாம்பல் நிறத்தில் வானம், சாம்பல் நிறத்தில் பனி. எது வானம், எது தரை என்றே தெரியவில்லை.

"எங்கேடா?"

"மேகத்துக்குப் பின்னால இருக்கும்மா."

அம்மா ஒரு நிமிஷம் திரையையே பார்த்தார். "இருப்பார், இருப்பார். நீ பாட்டுக்கு அரிசியைப் போடு" என்றார். பால் பொங்கியபோது இரண்டு வீட்டிலிருந்தும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்களுக்கு மக்சிக், என்னமோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அவருக்கு ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலும் முழு வரலாறும் கிடைத்தது, அம்மாவின் பசார் மலாயில், அதுதான் சந்தைக்கடை மலாயில்.

அதிலிருந்து என் நிலைமைதான் மோசம். சனி, ஞாயிறு மத்தியானத் தேநீருக்கு அம்மாவிடமிருந்து ஒத்தாசை கிடையாது. "அங்கே இன்னைக்கு ரெண்டு நிமிஷம் சீக்கிரம்" என்று என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறார். மூன்று மணி நெருங்கினால் மக்சிக் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, "மாத்தாஹாரி சுடா நாயெக்?" என்று, சூரியன் ஏறியாச்சா என்று மலாயில் குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து அம்மா, டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னும் இல்லை என்று, "பெலும்! பெலும்!" என்பார்.