ஒரு முழம், நாற்பது நிமிஷம்

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஆறு வருஷம். நோயின் பெயர் மனச்சிதைவு. கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "நரம்புக்கு மருந்து சாப்பிடறான்" என்பார்கள். காதில் கேட்ட குரல்கள் முதல் வருஷமே அடங்கிவிட்டன. மந்தம்தான் போகவில்லை. சட்டைப் பொத்தான் போடவே நேரம் பிடிக்கும். வேலைக்குப் போன இரண்டு இடத்திலும் சோம்பேறி என்று அனுப்பிவிட்டார்கள்.

மாதம் ஒருமுறை நடக்கும் அரசு கிளினிக்கில் டாக்டர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். மந்தத்தைப் பற்றிச் சொன்னதும் என் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு நகர்ந்தது. மருந்து மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால் வரும் விறைப்பு இது என்று அளவைக் குறைத்தார். (நானே மருந்தைக் குறைத்து ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தவன். அந்த வேலை மட்டும் வேண்டாம்.) விறைப்பு விட்டது, மந்தம் பாதிதான் விட்டது. மீதி நோயோடு வந்தது என்றார். இந்த மருந்துகள் 1950-களில்தான் வந்தன. அதற்கு வெகு முன்பே க்ரேப்லின் போன்ற டாக்டர்கள் இந்த நோயாளிகளின் அசைவுக் கோளாறுகளை எழுதி வைத்திருக்கிறார்களாம்.

அங்கிருந்த சைக்காலஜிஸ்ட் அக்கா ஒரு தாள் கொடுத்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி, கட்டங்களில் வேகமாகப் போட வேண்டும். பாதித் தாள்கூட முடிக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். "வேகம் குறைவு, சரி. பழகினா கூடுதான்னு இந்தத் தாள் சொல்லாது" என்றார். என்னைப் போன்ற பலருக்குத் தொடக்க வேகம்தான் குறைவாம். பயிற்சியில் ஏறுவது ஏறுமாம். "மெல்லெ மதி", மெதுவாகப் போதும் என்று மலையாளத்தில் சொல்லி அனுப்பினார்.

வேலந்தாவளத்தில் அத்தை பூக்கடை வைத்திருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து மல்லி வரும். "வந்து உக்காரு கண்ணு, கை சும்மா இருந்தா மனசும் சும்மா இருக்காது" என்றார். நனைத்த வாழைநார், இடது கை விரல்களுக்கு நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், வலது கையால் சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். ஓங்கி இழுத்தால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் பூ உதிரும். அத்தைக்கு ஒரு முழம் நாலு நிமிஷம். எனக்கு முதல் நாள் நாற்பது. அதிலும் கால்வாசிப் பூ மடியில்.

தினமும் காலண்டர் தாளில் நிமிஷத்தைக் குறித்தேன். முதல் வாரம் முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ராத்திரி கை கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருக்கும், விடிந்தால் மறுபடி முதல் சுருக்கிலிருந்து தடவுவேன். அடுத்த மாதம் அக்காவிடம் கேட்டேன். விரல் பழக்கங்களை மற்றவர்களுக்குத் தூக்கமே கொஞ்சம் மெருகேற்றிக் கொடுக்குமாம். இந்த நோயில் பலருக்கு அந்த லாபம் குறைவாம். எனக்கு இது ஆறுதலாகத்தான் இருந்தது. தூக்கம் கொடுக்காததை அத்தை கடை கொடுக்கட்டும் என்று சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன் காலையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் அத்தையிடம் யாரோ கடன் கேட்டு வந்து வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டபடியே கட்டியிருக்கிறேன். குனிந்து பார்த்தால் அரை முழம் முடிந்திருந்தது. விரலைப் பார்க்காமல் கட்டியது அதுதான் முதல் முறை.

இரண்டு மாதத்தில் பதினாலு நிமிஷத்துக்கு வந்தேன். அத்தையின் நாலைத் தொடுவேன் என்று தோன்றவில்லை. தாளை அத்தையிடம் காட்டினேன். நிமிஷத்தையெல்லாம் அவர் பார்க்கவில்லை, நான் கட்டிய சரத்தை எடுத்துத் தன் முழங்கையோடு வைத்து அளந்தார். நாலு விரல்கடை மிச்சம் தொங்கியது. இத்தனை நாளும் என் கையால் அளந்திருக்கிறேன்.

"உன் முழத்துக்கு வித்தா எனக்கு நட்டம் சாமி" என்று மிச்சத்தை வெட்டித் தன் கொண்டையில் வைத்துக்கொண்டார்.